பிறப்புச் சான்றிதழும் பிறவிக் குடிமகனும்

அமெரிக்க அதிபர் பதவிக்குப் போட்டியிடுகிறவர் தமக்கு அந்தத் தகுதி உண்டென்பதை ஆவணம் காட்டி நிரூபிக்க வேண்டும் என்று 2011 ஏப்ரலில் அரிசோனா மாநிலச் சட்டமன்றம் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. எச்.பி. 2177 என்ற அந்த மசோதா, பிறந்த மருத்துவமனை, பிரசவம் பார்த்த மருத்துவர், உடனிருந்த சாட்சிகளின் கையொப்பம் ஆகிய விவரங்கள் அடங்கிய நீண்ட பிறப்புச் சான்றிதழைக் கேட்டது. அது இல்லாதவர் வேறு இரண்டு ஆவணங்களையாவது காட்ட வேண்டும். அந்த மாற்று ஆவணங்களின் பட்டியலில் குழந்தைப் பருவத்து ஞானஸ்நானச் சான்றிதழும் சுன்னத்துச் சான்றிதழும் இருந்தன. ஏப்ரல் 18 அன்று ஆளுநர் ஜேன் புரூவர் அந்த மசோதாவுக்கு ஒப்புதல் தர மறுத்துத் திருப்பி அனுப்பினார். அவர், வெளிநாட்டில் பிறந்தவர் என்ற வதந்திக்கு ஆளாகியிருந்த அன்றைய அதிபர் ஒபாமாவின் கட்சிக்காரர் அல்லர். குடியரசுக் கட்சியைச் சேர்ந்தவர், ஒபாமாவின் கொள்கைகளைக் கடுமையாக எதிர்த்தவர். ஆளுநராவதற்கு முன் அதே மாநிலத்தில் தேர்தல்களை நடத்தும் மாநிலச் செயலராகவும் இருந்தவர். யார் வாக்குச்சீட்டில் இடம்பெறலாம் என்று தீர்மானிக்கும் வாயிற்காவலராக ஒரே ஓர் அதிகாரியை நிறுத்துவது தவறு என்பது அவர் சொன்ன காரணங்களுள் ஒன்று. அந்த வேலையைச் செய்து பார்த்தவரின் எச்சரிக்கை என்பதால் அதற்கு எடை அதிகம்.

இந்த மசோதா தனித்து முளைத்ததல்ல. 2009 மார்ச் 12 அன்று புளோரிடா உறுப்பினர் பில் போசி அமெரிக்க நாடாளுமன்றத்தில் எச்.ஆர். 1503 என்ற மசோதாவைக் கொண்டுவந்தார். அதிபர் வேட்பாளரின் பிரசாரக் குழு தன்னைப் பதிவு செய்யும்போதே வேட்பாளரின் பிறப்புச் சான்றிதழ் நகலையும் இணைக்க வேண்டும் என்றது அது. குழுநிலையைத் தாண்டாமலே அது காலாவதியானது. அதையடுத்துப் பல மாநிலச் சட்டமன்றங்களில் இதே சாயலில் மசோதாக்கள் வந்தன. இவற்றை இனவெறுப்பின் வெளிப்பாடு என்று ஒதுக்கிவிடுவது எளிது. அவற்றுக்குப் பின்னால் அந்த வெறுப்பு இருந்தது என்பதில் எனக்கும் ஐயமில்லை. அதற்கு முந்தைய நாற்பத்து மூன்று அதிபர் பதவிக்காலங்களில் எழாத வேகத்தோடு, முதல் கறுப்பின அதிபர் வந்தபின் இந்தக் கோரிக்கை எழுந்தது. ஆனாலும் நோக்கத்தைக் குறை சொல்வதால் கேள்விக்கு விடை கிடைத்துவிடாது. அரசியல் சட்டம் ஒரு தகுதியை விதித்தால், அதைச் சரிபார்க்க ஒரு வழியும் இருந்தாக வேண்டும். கெட்ட எண்ணத்தோடு கேட்கப்பட்ட கேள்வியிலும் நியாயமான ஒரு பகுதி இருக்கக்கூடும். அந்தப் பகுதிக்கு இந்த மசோதாக்கள் பதில் சொல்லவில்லை என்பதே என் வாதம். தகுதி குறித்து அமெரிக்காவில் உண்மையாக எழுந்த ஐயங்கள் பெரும்பாலும் சட்டத்தின் பொருள் பற்றியவை. மசோதாக்கள் கேட்டதோ காகிதம்.

சட்டம் என்ன சொல்கிறது? அரசியல் சட்டத்தின் இரண்டாம் பிரிவு மூன்று தகுதிகளை வைக்கிறது: வயது முப்பத்தைந்து நிரம்பியிருக்க வேண்டும், பதினான்கு ஆண்டுகள் நாட்டில் வாழ்ந்திருக்க வேண்டும், பிறவிக் குடிமகனாக இருக்க வேண்டும். முதல் இரண்டும் எண்கள். எண்ணிப் பார்த்தால் தீர்ந்தது. மூன்றாவதற்கு அரசியல் சட்டத்தில் விளக்கமே இல்லை. 1787 ஜூலையில் ஜான் ஜே, அரசியல் சட்ட மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய ஜார்ஜ் வாஷிங்டனுக்கு எழுதிய கடிதத்தில், படைத் தலைமை பிறவிக் குடிமகன் அல்லாத எவர் கையிலும் போய்விடக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். அந்தச் சொல் ஏறக்குறைய விவாதமின்றியே சட்டத்துக்குள் வந்தது. 1790ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், அமெரிக்கக் குடிமக்களுக்கு வெளிநாட்டில் பிறக்கும் குழந்தைகளும் பிறவிக் குடிமக்களாகக் கருதப்படுவர் என்றது. 1795இல் அந்தச் சட்டத்தை மாற்றி எழுதியபோது வெறும் ‘குடிமக்கள்’ என்று சுருக்கிவிட்டார்கள். ஏன் சுருக்கினார்கள் என்பதைப் பற்றி இன்றும் அறிஞர்கள் வாதிடுகிறார்கள். 1898இல் வாங் கிம் ஆர்க் வழக்கில், சான் பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்தவர் பிறப்பாலேயே அமெரிக்கக் குடிமகன் என்று உச்ச நீதிமன்றம் ஆறுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. மண்ணில் பிறந்தவரின் நிலை அதோடு பெருமளவு தெளிவாயிற்று. மாறுபட்ட தீர்ப்பெழுதிய தலைமை நீதிபதி ஃபுல்லர், இந்தத் தர்க்கப்படி அந்நியரின் பிள்ளைகள் அதிபராகலாம், வெளிநாட்டில் பிறந்த குடிமக்களின் பிள்ளைகள் ஆக முடியாதே என்று கவலைப்பட்டார். பெரும்பான்மைத் தீர்ப்பின் விளைவை எதிர்த்தரப்பு நீதிபதியே உணர்ந்திருந்தார் என்பதற்கு அந்தக் கவலை சான்று. ஆனால் வெளிநாட்டில் பிறந்த குடிமகன் அதிபராகலாமா என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் இன்றுவரை நேரடியாக விடை சொன்னதில்லை.

இப்போது சர்ச்சைக்குள்ளான வேட்பாளர்களை ஒவ்வொருவராகப் பார்ப்போம். 1968 தேர்தலுக்காகக் களமிறங்கிய மிச்சிகன் ஆளுநர் ஜார்ஜ் ராம்னி 1907இல் மெக்சிகோவில் அமெரிக்கப் பெற்றோருக்குப் பிறந்தவர். அவரும் அதை மறைக்கவில்லை, எதிரிகளும் மறுக்கவில்லை. அவர் போட்டியிலிருந்து விலகியதால் கேள்வி தீராமலே நின்றது. ஜான் மெக்கெயின் 1936இல் பனாமா கால்வாய் மண்டலத்துக் கடற்படைத் தளமொன்றில் பிறந்தவர்; தந்தை கடற்படை அதிகாரி. அந்த மண்டலத்தில் அமெரிக்கப் பெற்றோருக்குப் பிறந்தவர்கள் குடிமக்களே என்று தெளிவாகச் சொன்ன சட்டம் 1937இல்தான் வந்தது. அப்படியானால் அவர் பிறந்த நொடியில் குடிமகனா, பதினொரு மாதம் கழித்துச் சட்டம் அவரைக் குடிமகனாக்கியதா? சட்டப் பேராசிரியர் கேப்ரியல் சின் 2008இல் இரண்டாவதே உண்மை என்று வாதிட்டார். மெக்கெயினின் பிறப்புச் சான்றிதழில் ஒவ்வோர் எழுத்தும் சரி என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டாலும் இந்தக் கேள்வி அசையாமல் அப்படியே நிற்கும். டெட் குரூஸ் இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. 1970இல் கனடாவின் கல்கரியில் பிறந்தவர். தாய் அமெரிக்கக் குடிமகள், தந்தை கியூபாவில் பிறந்தவர். 2013 ஆகஸ்டில் அவர் தம் பிறப்புச் சான்றிதழைத் தாமே செய்தித்தாளுக்குக் கொடுத்தார். ஐயம் அடங்கவில்லை. அவருக்குக் கனடியக் குடியுரிமையும் உண்டு என்ற புதிய செய்தி வெளிவந்து, மறு ஆண்டு அவர் அதைத் துறக்க வேண்டியதாயிற்று. போசியின் மசோதா சட்டமாகியிருந்தால் குரூஸ் அதன் கட்டளையை முழுமையாக நிறைவேற்றியிருப்பார். அவர் அதிபராகத் தகுதியுள்ளவரா என்பது மட்டும் தெரிந்திருக்காது.

எதிர்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். உண்மையிலேயே தகுதியில்லாதவர்கள் போட்டியிட்டதுண்டு. 2004, 2008 தேர்தல்களில் சோசலிசத் தொழிலாளர் கட்சியின் வேட்பாளர் ரோஜர் கலேரோ நிகரகுவாவில் பிறந்தவர், அமெரிக்கக் குடிமகனே அல்லாதவர், நிரந்தர வசிப்புரிமை மட்டும் உள்ளவர். சில மாநிலங்கள் அவர் பெயரை வாக்குச்சீட்டில் அச்சிட்டன. வேறு சிலவற்றில் கட்சி அவருக்குப் பதிலாக இன்னொருவரை நிறுத்த வேண்டியதாயிற்று. 2012இல் அமைதி மற்றும் விடுதலைக் கட்சியின் முதனிலைத் தேர்தலில் நிற்க முயன்ற பீட்டா லிண்ட்சேக்கு வயது இருபத்தேழு. கலிபோர்னியா அவர் பெயரை நீக்கியது. அந்த நீக்கம் சரியே என்று ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014இல் உறுதிசெய்தது. அதே 2012இல், குடியுரிமை பெற்று வந்த ஒருவரின் பெயரை கொலராடோ ஏற்க மறுத்ததை, பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான நீல் கோர்சச் எழுதிய தீர்ப்பு ஆதரித்தது. ஆக, வெளிப்படையாகத் தகுதியில்லாதவரை விலக்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்று நீதிமன்றங்கள் ஏற்றுள்ளன. கவனிக்க வேண்டியது, இவர்களில் எவரும் தம் வயதையோ பிறந்த நாட்டையோ மறைக்கவில்லை என்பதே. கலேரோ சில மாநிலங்களின் வாக்குச்சீட்டில் ஏறியதற்குக் காரணம் பொய்ச் சான்றிதழ் அல்ல; அங்கே பார்க்க வேண்டிய கடமை எவருக்கும் இல்லாததுதான். இந்த ஓட்டை உண்மையானது. அதை அடைக்க மருத்துவரின் பெயரும் சாட்சியின் கையொப்பமும் தேவையில்லை.

பிறந்த இடம் என்ற உண்மையே சர்ச்சையான பெரிய வழக்கென்றால், செஸ்டர் ஆர்தர் மீது பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிளப்பப்பட்ட கனடா வதந்தியை விட்டால், ஒபாமாவுடையதுதான். அங்கே ஆவணத்துக்கு என்ன பஞ்சம்? 1961 ஆகஸ்ட் 4 அன்று ஹொனலூலுவில் பிறந்தார் என்ற சான்றிதழ் 2008 ஜூனிலேயே வெளியிடப்பட்டது. ஹவாய் அரசு எல்லோருக்கும் வழங்கிவந்த சுருக்கச் சான்றிதழ் அது; எந்த நீதிமன்றத்திலும் பிறப்புக்கு முதல்நிலைச் சான்றாகும் என்று அதன் அடியிலேயே அச்சிடப்பட்டிருந்தது. 1961 ஆகஸ்டில் ஹொனலூலுவின் இரு நாளிதழ்களிலும் பிறப்புச் செய்தி வந்திருந்தது. குடியரசுக் கட்சி ஆளுநரின் கீழ்ப் பணியாற்றிய ஹவாய் சுகாதாரத் துறை இயக்குநர் சியோமி ஃபுகினோ, மூலப் பதிவைத் தாமே பார்த்ததாக 2008 அக்டோபரிலும் 2009 ஜூலையிலும் பொது அறிக்கை தந்தார். 2011 ஏப்ரல் 27 அன்று நீண்ட சான்றிதழும் வெளியாயிற்று. ஒபாமா பற்றிய வதந்தியைப் பெரிதாக வளர்த்த டொனால்ட் டிரம்ப், ஒபாமா அமெரிக்காவில்தான் பிறந்தார் என்று ஒப்புக்கொண்டது 2016 செப்டம்பரில், ஐந்தாண்டுகளுக்கும் மேலாகக் கழித்து. கேட்டவர்களின் ஐயம் ஆவணக் குறைவால் பிறந்ததல்ல; ஆகவே ஆவணத்தால் தீரவும் இல்லை.

ஓட்டுநர் உரிமத்துக்கும் கடவுச்சீட்டுக்கும் பிறப்புச் சான்றிதழ் கேட்கிறார்கள், நாட்டின் உச்சப் பதவிக்குக் கேட்டால் என்ன குறைந்துபோகும் என்பார்கள். இந்த மசோதாக்களின் ஆதரவாளர்கள் சொன்னதில் வலுவான வாதம் இதுதான். கேட்பதில் தவறில்லை என்றே நானும் சொல்வேன். ஆனால் கடவுச்சீட்டு அலுவலகம் ஒரு மாநிலம் முத்திரையிட்டுத் தரும் சான்றிதழை ஏற்றுக்கொள்கிறது. அரிசோனா மசோதா அதை ஏற்க மறுத்து, அதற்கு மேல் விவரம் கேட்டது. ஒரு மாநிலத்தின் பொதுப் பதிவுகளை மற்ற மாநிலங்கள் முழு நம்பிக்கையோடு ஏற்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் நான்காம் பிரிவு கட்டளையிடுகிறது. ஹவாய் சொல்வதை அரிசோனா நம்பாது என்றால் அரிசோனா சொல்வதை நாளை வெர்மான்ட் ஏன் நம்ப வேண்டும்? மேலும், அமெரிக்காவின் எல்லா மாநிலங்களும் தேசியப் பிறப்புப் பதிவு முறைக்குள் வந்தது 1933இல்தான். அதற்கு முன் பிறந்தவர்கள், அதற்குப் பின்னும் தெற்கு மாநிலங்களில் மருத்துவச்சி கையால் வீட்டிலேயே பிறந்த கறுப்பின மக்கள் பலர், மருத்துவமனைப் பெயர் கொண்ட சான்றிதழ் ஒன்றைக் கண்ணாலும் கண்டதில்லை. மருத்துவர் பெயரைத் தகுதிக்கு அடையாளமாக்கும் சட்டம், அரசியல் சட்டம் விதிக்காத நான்காவது தகுதியைப் பின்கதவு வழியாக நுழைக்கிறது. சட்டமே இல்லாமல் வேலை எவ்வளவு எளிதாக முடிந்திருக்கும் என்பதற்கும் அரிசோனாவே சாட்சி. 2012 மே மாதம் அதன் மாநிலச் செயலர் கென் பென்னட், ஒபாமாவின் பிறப்பை உறுதிப்படுத்தும்படி ஹவாய்க்கு எழுதினார். ஹவாய் எழுத்தில் உறுதி தந்தது; ஒபாமா பெயர் வாக்குச்சீட்டில் ஏறியது.

மாநிலங்கள் தம் வாக்குச்சீட்டைத் தாமே ஒழுங்குபடுத்தட்டும், ஏன் தடுக்க வேண்டும் என்றும் கேட்கலாம். இதற்கு வரலாறு இரண்டு பக்கத்திலிருந்தும் விடை தந்துவிட்டது. வருமானவரிக் கணக்கை வெளியிடாத அதிபர் வேட்பாளரை முதனிலைத் தேர்தல் வாக்குச்சீட்டில் சேர்க்கக் கூடாது என்று கலிபோர்னியா சட்டமன்றம் 2017இல் ஒரு மசோதா நிறைவேற்றியது; குறி டிரம்ப். ஜனநாயகக் கட்சி ஆளுநரான ஜெர்ரி பிரௌன் அதற்கு ஒப்புதல் மறுத்தார். இன்று வரிக் கணக்கு, நாளை மருத்துவக் குறிப்பு, பிறப்புச் சான்றிதழ், பள்ளி மதிப்பெண் பட்டியல் என்று இது எங்கே போய் முடியும் என்பது அவர் கவலை. அடுத்த ஆளுநர் கவின் நியூசம் 2019இல் அதே போன்ற மசோதாவில் கையெழுத்திட்டார். அவ்வாண்டு நவம்பரில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதைச் செல்லாததாக்கியது. அரிசோனாவில் குடியரசுக் கட்சியின் புரூவரும் கலிபோர்னியாவில் ஜனநாயகக் கட்சியின் பிரௌனும், தத்தம் கட்சிக்கு லாபமாக வந்த மசோதாவையே தடுத்தார்கள். அவர்கள் சொன்ன காரணங்கள் வேறானாலும் ஆபத்து ஒன்றே: ஐம்பது மாநிலங்களும் தம் எதிரியை மனத்தில் வைத்து ஆளுக்கொரு வாயிற்படி கட்டினால், அதிபர் தேர்தல் ஒரே தேர்தலாக இராது. கிளர்ச்சியில் பங்கெடுத்தவர் என்று சொல்லி டிரம்பின் பெயரை கொலராடோ நீக்கியபோது, 2024 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஒருமனதாகத் தள்ளியது. கிளர்ச்சியாளர்களைப் பதவியிலிருந்து விலக்கும் பதினான்காம் திருத்தப் பிரிவைக் கூட்டாட்சிப் பதவிகளுக்கு எதிராக மாநிலங்கள் செயல்படுத்த முடியாது என்பது தீர்ப்பு. ஒரே வேட்பாளர் ஒரு மாநிலத்தில் தகுதியுள்ளவராகவும் பக்கத்து மாநிலத்தில் தகுதியற்றவராகவும் ஆகும் ஒட்டுத்துணி நிலையை நீதிபதிகள் முக்கியக் குறையாகக் காட்டினார்கள். வயதையும் பிறப்பையும் பற்றி அந்தத் தீர்ப்பு எதுவும் முடிவு செய்யவில்லை. ஆனால் அந்தக் காரணம் அவற்றுக்கும் பொருந்தும்.

இனி மூன்றாவது மறுப்பு: மக்கள் தேர்ந்தெடுக்கட்டும், தகுதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். இதை நான் ஏற்கவில்லை. பெரும்பான்மை விரும்பினாலும் மீறக் கூடாத எல்லை என்பதால்தான் ஒரு தகுதி அரசியல் சட்டத்தில் எழுதப்படுகிறது. அந்த எல்லையே தவறு, குடியுரிமை பெற்று வந்தவரும் அதிபராகலாம் என்று ஒருவர் கருதலாம். எனக்கும் அதில் உடன்பாடு உண்டு. அதற்கு வழி அரசியல் சட்டத் திருத்தம், பாராமுகம் அல்ல. இன்றோ பாராமுகமே நடைமுறையாகிவிட்டது. 2008இல் மெக்கெயினுக்கு எதிராகவும் ஒபாமாவுக்கு எதிராகவும் வாக்காளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். உங்களுக்குத் தனிப்பட்ட பாதிப்பு இல்லை, எனவே வழக்காடும் உரிமையும் இல்லை என்று நீதிமன்றங்கள் திருப்பி அனுப்பின. தேர்தலுக்கு முன் நீதிமன்றம் பேசாது; தேர்தலுக்குப் பின் நாடாளுமன்றம் வாக்கெண்ணும்போது கேட்கலாமென்றால், கோடிக்கணக்கானோர் வாக்களித்த பிறகு ஒருவரை இறக்கும் துணிவு எவருக்கும் வராது. 1933இல் நிறைவேறிய இருபதாம் திருத்தம், தேர்ந்தெடுக்கப்பட்டவர் தகுதி பெறாமல் போனால் துணை அதிபர் பொறுப்பேற்பார் என்கிறது. தகுதி பெறவில்லை என்று யார் முடிவு செய்வது என்பதை அது சொல்லவில்லை.

மற்ற நாடுகள் இதை எப்படிக் கையாள்கின்றன என்பது படிப்பினைக்குரியது. இந்தியாவில் குடியரசுத் தலைவர் வேட்பாளர், 1952ஆம் ஆண்டுச் சட்டப்படி, மக்களவைத் தொகுதி வாக்காளர் பட்டியலில் தம் பெயர் இருக்கும் பதிவின் சான்றிட்ட நகலை மனுவோடு இணைக்கிறார். ஒரே தேர்தல் அதிகாரி பரிசீலிக்கிறார், தகராறு வந்தால் ஒரே நீதிமன்றம், உச்ச நீதிமன்றம், தீர்க்கிறது. இலங்கையில் 2019 தேர்தலுக்கு முன், கோத்தாபய ராஜபக்சவின் இலங்கைக் குடியுரிமைச் சான்று செல்லாது என்ற வழக்கு மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தது. அவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றிருந்தவர். இரட்டைக் குடியுரிமையாளர் போட்டியிட 2015இன் பத்தொன்பதாவது திருத்தம் தடை விதித்திருந்தது. அக்டோபர் 4 அன்று மூன்று நீதிபதிகள் மனுவைத் தள்ளினார்கள். அக்டோபர் 7 வேட்புமனு நாள். அந்தத் தீர்ப்பை ஏற்காதவர்கள் உண்டு. ஆனால் கேள்வி கேட்க ஓர் இடம் இருந்தது, வாக்களிப்பதற்கு முன் விடையும் வந்தது. அமெரிக்க வாக்காளருக்கு அந்த இடம் இல்லை.

பிறப்புச் சான்றிதழை நம்பியிருப்பதன் பலவீனம் இனிமேல் கூடுதலாகத் தெரியும். 2020இல் கமலா ஹாரிஸ் துணை அதிபர் வேட்பாளரானபோது, சென்னையில் பிறந்த ஷியாமளா கோபாலனின் மகளான அவருடைய தகுதியைச் சட்டப் பேராசிரியர் ஜான் ஈஸ்ட்மன் கேள்விக்குள்ளாக்கினார். ஹாரிஸ் 1964இல் ஓக்லண்டில் பிறந்தார் என்பதில் எவருக்கும் சந்தேகமில்லை. அப்போது பெற்றோரின் குடியேற்ற நிலை என்ன என்பதுதான் ஈஸ்ட்மன் கேட்டது. 2025 ஜனவரி 20 அன்று டிரம்ப் பிறப்பித்த நிர்வாக ஆணை அதே எண்ணத்தை அரசின் கொள்கையாக்கியது. தாய் தற்காலிக விசாவில் இருந்து, தந்தை குடிமகனாகவோ நிரந்தர வசிப்புரிமை உள்ளவராகவோ இல்லாவிட்டால், அமெரிக்க மண்ணில் பிறந்தாலும் குழந்தை குடிமகன் ஆகாது என்றது அந்த ஆணை. நீதிமன்றங்கள் உடனே அதற்குத் தடை விதித்தன. எச்-1பி விசாவில் அங்கே வேலை செய்யும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதன் பொருள் சொல்லாமலே விளங்கும். இந்த வாசிப்பின்படி, பிறப்புச் சான்றிதழ் பிறந்த ஊரைச் சொல்லும், குடியுரிமையைச் சொல்லாது. தகுதி வேட்பாளரின் பிறப்பிலிருந்து நழுவி, அவர் தாயின் விசா முத்திரைக்குப் போய்விடும்.

தேவையான சட்டம் வேறு வகையானது. நாடு முழுவதற்கும் ஒரே விதியாக, நாடாளுமன்றம் இயற்றியதாக அது இருக்க வேண்டும். இந்த ஓர் அம்சத்தில் போசியின் மசோதா அரிசோனாவுடையதைவிட மேலானது. பிறந்த மாநிலம் தரும் எந்தச் சான்றிட்ட பதிவும், நீளமோ சுருக்கமோ, பிறந்த நாளுக்கும் இடத்துக்கும் போதும் என்று அது சொல்ல வேண்டும். சட்டக் கேள்வி எஞ்சினால், போட்டி வேட்பாளர் முதனிலைத் தேர்தல்களுக்கு முன்பே மூன்று நீதிபதி அமர்விடம் போகவும், அங்கிருந்து நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போகவும் வழி வேண்டும். 2002ஆம் ஆண்டுத் தேர்தல் நிதிச் சட்டத்தைச் சோதிக்க நாடாளுமன்றம் இதே வழியைத் திறந்தது. மறு ஆண்டு டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்துவிட்டது. பிறவிக் குடிமகன் என்ற சொல்லின் இறுதிப் பொருளை நாடாளுமன்றம் தீர்மானிக்க முடியாது, நீதிமன்றமே தீர்மானிக்க முடியும் என்பது உண்மை. ஆனால் பிறக்கும்போதே குடிமகனாக இருந்த எவரும் பிறவிக் குடிமகன் என்று சட்டத்தில் எழுதினால், தீர்ப்பளிக்க நீதிமன்றத்துக்கு ஒரு பொருள் கிடைக்கும். 2008 ஏப்ரல் 30 அன்று செனட் சபை மெக்கெயின் பிறவிக் குடிமகனே என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. அவருடைய எதிராளிகளான ஒபாமாவும் ஹிலாரி கிளின்டனும் அதை இணைந்து முன்மொழிந்தவர்கள். ஒரே மனிதருக்காகப் போடப்பட்ட, சட்டபலம் இல்லாத தீர்மானம் அது. எல்லோருக்குமான சட்டம் இன்னும் எழுதப்படவில்லை.